மாரெஷாலின் முழங்கால்

பாசல்
3 ஒக்டோபர் 2024

அப்பாவுக்கு,

கடிதம் வேலையிடத்துக்கு வந்திருக்கிறதே என்று பதற வேண்டாம். ஈஸ்டரிலிருந்து நீங்கள் என் ரெலிபோனை எடுப்பதில்லை. வட்சப்பில் எழுதினால் உங்களுக்கு முன் அம்மா பார்த்துவிடுவார். இதை அம்மா பார்க்கக்கூடாது. ஆகவே மருத்துவமனைச் சலவைப் பிரிவு, திரு. யோகராஜா என்று விலாசம் எழுதி முத்திரை ஒட்டியிருக்கிறேன்.

நான் பார்மசி வேலையை விட்டுவிட்டு அகராதி அலுவலகத்துக்குப் போனதுதானே உங்கள் கோபம். "செத்த சொல்லுக்குச் சவப்பெட்டி செய்யிற வேலை" என்றீர்கள். அந்த வேலைதான் என்னைப் போன கிழமை ஃப்ரிபூர்க்குக்குப் பக்கத்தில் ஒரு பழைய குதிரை லாயத்துக்குக் கொண்டுபோனது.

எனக்குத் தந்திருக்கும் சொல் "மார்ஷல்". கேட்டதும் பதக்கமும் வாளும் கண்ணில் வரும். ஆனால் பழைய ஜெர்மனில் அதன் முன்பாதி குதிரை, பின்பாதி வேலைக்காரன். குதிரைச் சேவகன், அவ்வளவுதான். அரசனின் லாயத்தில் சாணம் அள்ளியவன், பிறகு லாயத்தின் தலைவனாகி, அரச மாளிகையின் பெரிய அதிகாரியாகி, கடைசியில் படைக்கே தலைவனானான். பிரெஞ்சுக்காரரிடம் அந்தச் சொல் இரண்டு நுனியிலும் உயிரோடு இருக்கிறது. அவர்களுக்கு லாடம் அடிக்கிறவரும் மாரெஷால், படைத்தலைவரும் மாரெஷால்.

அந்த லாயத்தில் இருநூறு வருடத்துப் பதிவேடுகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டுப் போனேன். சேணம் வைக்கும் அறையில் உட்கார்ந்து வேலையாட்களின் பட்டங்களைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தினால் சுவரில் வரிசையாகப் படங்கள். அதில் ஒன்றில் ஐந்து பேர், ஒரு சாம்பல் நிறக் குதிரை. இடது ஓரத்தில் ரப்பர் பூட்ஸ் போட்டுக் கடிவாளத்தைப் பிடித்து நிற்பது நீங்கள்.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கீழே எழுதியிருந்ததை வாசித்தேன். "கோடைகாலம் 1989". அப்பா, நீங்கள் அந்தப் படத்தில் ஒரு காலை வேலிக் கம்பியில் தூக்கி வைத்திருக்கிறீர்கள். இடது கால். முழங்கால் நன்றாக மடிந்திருக்கிறது.

அந்த முழங்கால் எண்பத்தேழிலேயே ஊரில் ஷெல் பட்டு மடங்காமல் போனதுதானே? வீட்டில் அப்படித்தானே சொன்னீர்கள்? கிட்டப் போய்த் திரும்பவும் பார்த்தேன்.

நவம்பர் 16 சனிக்கிழமை ஓஸ்டர்முண்டிகன் மண்டபத்தில் தமிழ்ச் சங்கம் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தப்போகிறது. அன்றைக்கு வெளியிடும், போரில் காயப்பட்டவர்களின் சாட்சிப் புத்தகத்தில் முதல் அத்தியாயம் உங்கள் கால். அதை இங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் வாசிப்பதற்காக ஜெர்மனில் எழுதித் தரும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். நான்கு பக்கம் முடித்துவிட்டேன். ஐந்தாம் பக்கத்தில் ஷெல் விழுகிறது. அதற்கு மேல் எழுத முடியவில்லை.

எனக்கு விளங்கப்படுத்துங்கள்.

லக்ஷனா


ஓஸ்டர்முண்டிகன்
9 ஒக்டோபர்

உ

பிள்ளை லக்ஷனாவுக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. கடிதத்தை மேற்பார்வையாளர் கொண்டுவந்து எல்லோருக்கும் முன்னால் தந்தார். இனிமேல் "தனிப்பட்டது" என்று எழுது.

ஆறு மாதமாக அப்பன் செத்தானா இருக்கிறானா என்று வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காதவள், யாரோ ஒருவனின் படத்தைப் பார்த்துவிட்டு எனக்கு விசாரணை வைக்கிறாய். எண்பத்தொன்பதில் இந்த நாட்டில் நம்மவர்கள் எத்தனை பேர் வந்து இறங்கினார்கள் தெரியுமா? எல்லோரும் மெலிந்து, கறுத்து, மீசை வைத்து ஒரே அச்சாகத்தான் இருந்தோம். முகாமில் என்னைக் கூப்பிட்டால் வேறு இரண்டு பேர் எழும்புவார்கள். அந்த அடுப்புப் புகை பிடித்த சுவரில் முப்பத்தைந்து வருடம் தொங்கிய படத்தில் நீ என்ன முகத்தைக் கண்டாய்?

நான் அந்தக் காலத்தில் ஃப்ரிபூர்க்கில் ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவினேன். அது எல்லோருக்கும் தெரியும். குதிரைக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மொழிபெயர்ப்பை முதலாம் திகதிக்குள் சங்கத்துக்கு அனுப்பு. புத்தகம் தொகுக்கும் பிரபாலினி ரீச்சர் இரண்டு தரம் கேட்டுவிட்டா. அம்மாவிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்காதே. அவவுக்குப் பிரஷர்.

அப்பா


பாசல்
14 ஒக்டோபர்

அப்பாவுக்கு,

நான் சேணம் வைக்கும் அறை என்று மட்டுமே எழுதியிருந்தேன். அங்கே அடுப்பு இருக்கிறது என்று எழுதவில்லை.

உங்கள் கடிதத்தை ட்ராமில் வைத்து வாசித்தேன். அந்த வரிக்கே திரும்பத் திரும்பப் போனேன். இறங்க வேண்டிய இடம் தாண்டி, கடைசித் தரிப்பு வரை போய்விட்டேன். என் அப்பா பொய் சொல்கிறார் என்பது பெரிதில்லை. எல்லா அப்பாக்களும் சொல்வார்கள். இவ்வளவு கோபமாக, கையெழுத்துப் போட்டுச் சொல்கிறாரே என்பதுதான் என்னை உலுக்கியது.

நேற்று மறுபடி போனேன். லாயக்காரரின் மகள் மதாம் குளோதில்டுக்கு இப்போது எழுபத்தொரு வயது. படத்தைக் காட்டி யார் இது என்றேன். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "யோகா!" என்றார். எழுந்து என்னைக் கட்டிப்பிடித்தார். நீங்கள் கடைசியாகப் போன நாளிலிருந்து ஒரு கிறிஸ்மஸ் அட்டையாவது வரும் என்று காத்திருந்தாராம்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பிழையென்றால் திருத்துங்கள்.

ஒன்பது குதிரைகள் உங்கள் பொறுப்பில் இருந்தன. தொண்ணூறாம் ஆண்டு மார்ச் மாதம், ஒரு காலை நேரம், சாம்பல் குதிரை குட்டி போட முடியாமல் கிடந்தது. குட்டி குறுக்கே திரும்பி நின்றது. மருத்துவர் பனியில் மாட்டிக்கொண்டார். நீங்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத் தோள் வரை கையை உள்ளே விட்டு, அதனோடு உங்கள் பாஷையில் கதைத்துக்கொண்டே குட்டியைத் திருப்பினீர்கள். குட்டி வெளியே வந்தது. சிரித்துக்கொண்டு எழும்பினீர்கள். அப்போது தாய் உதைத்தது.

மூன்று தரம் அறுவைச் சிகிச்சை. ஒரு வருடம் அவர்கள் வீட்டு மேல்மாடியில் படுத்திருந்தீர்கள்.

அப்பா, 2009 மே மாதம் எனக்குப் பன்னிரண்டு வயது. ஆறாம் வகுப்பில் எழும்பி நின்று உங்கள் காலைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். ஆசிரியர் அழுதார். நானும் அழுதேன். அந்தக் கிழமை ஊரிலிருந்து வந்த செய்திகளெல்லாம் எனக்கு உங்கள் முழங்கால் வழியாகத்தான் விளங்கின.

அதற்கு முந்திய வருடம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் போனி முகாமுக்குப் போனார்கள். நானும் போகிறேன் என்று கேட்டேன். என் வாழ்நாளில் நீங்கள் எனக்கு அடித்தது அந்த ஒரு தரம்தான். கன்னத்தில். ஏன் என்று இதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

அம்மாவுக்குத் தெரியுமா?

லக்ஷனா


ஓஸ்டர்முண்டிகன்
24 ஒக்டோபர்

உ

பிள்ளை,

இதை நான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் லொக்கர் அறையில் இருந்து எழுதுகிறேன். பத்து நாளாக எழுதிக் கிழித்தேன்.

மதாம் சொன்னதில் ஒரே ஒரு பிழை. நான் சிரித்துக்கொண்டு எழும்பவில்லை. அழுதுகொண்டு எழும்பினேன். ஊரை விட்டு வந்த பிறகு என் கையால் ஒரு நல்ல காரியம் நடந்தது அன்றைக்குத்தான். அந்தச் சந்தோசத்தில் பின்பக்கமாக நடந்து போனேன். குதிரைக்குப் பின்னால் போகக்கூடாது என்று எனக்கு முதல்நாளே சொல்லித் தந்தவர்கள். குதிரையில் குற்றமில்லை.

நீ நினைக்கிறாய் நான் இருந்து யோசித்து ஒரு கதை கட்டினேன் என்று. இல்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

லாயத்தில் வேலை செய்கிறேன் என்று நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஊருக்கு எழுதும்போது ஹோட்டல் என்று எழுதினேன். கோப்பை கழுவுவதை எல்லோரும் செய்தார்கள், அதில் வெட்கமில்லை. சாணம் அள்ளுகிறேன் என்று அப்புவுக்கு எப்படி எழுதுவது? அட்வான்ஸ் லெவல் பாஸ் பண்ணிய மகன் குதிரைக்காரன் என்றால் அந்த மனுசன் தெருவில் இறங்கியிருக்காது. அங்கே லாடம் அடிக்க வருகிற மாரெஷாலுக்குக் குதிரையின் காலைத் தூக்கிப் பிடிக்கிறவன் நான். நீ அந்தச் சொல்லைக் கடிதத்தில் எழுதியிருந்ததைப் பார்த்ததும் என் மூக்கில் கருகிய குளம்பு மணந்தது.

தொண்ணூற்றிரண்டில் கைத்தடியோடு பேர்ணுக்கு வந்தேன். தைப்பொங்கல் விழா, ஒரு பள்ளிக்கூட மண்டபம். பிந்திப் போனதால் கதவடியில் நின்றேன். அறிவிப்பாளர் என்னைக் கண்டுவிட்டு மைக்கில் சொன்னார்: "மண்ணுக்காகக் காலைக் குடுத்த அண்ணை ஒராள் நிக்கிறார், ஆராவது கதிரை குடுங்கோ." எங்கட ஆக்களில் ஒருவன் நொண்டினால் ஷெல்லா, கண்ணிவெடியா என்று மட்டும்தானே கேட்பார்கள். குதிரை உதைத்திருக்கும் என்று எவன் நினைப்பான்? இருநூறு பேர் எழும்பிக் கை தட்டினார்கள். இல்லையென்று சொல்ல மேடைக்குப் போக வேண்டும். போனால் இன்னும் தட்டுவார்கள். நான் கதிரையில் இருந்தேன். அந்தக் கதிரையில் இருந்ததுதான் நான் செய்தது. முப்பத்திரண்டு வருடமாக அதில்தான் இருக்கிறேன்.

அடுத்த கிழமை ஒருவர் கட்டில் கொண்டுவந்தார். ஒருவர் இந்தச் சலவை வேலையை எடுத்துத் தந்தார். பிறகு எல்லோரும் கேட்டார்கள், எந்த ஊரில், எந்த நாள், பக்கத்தில் ஆர் நின்றது என்று. ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டி வந்தது. இப்போது அந்த ஷெல் விழுந்த சத்தம் எனக்கு உண்மையிலேயே கேட்கிறது. இது உனக்கு விளங்காது.

அம்மாவுக்குத் தெரியாது.

உன் மாமன் இரவீந்திரன் தொண்ணூற்றொன்றில் களத்தில் போனவன். உடம்பும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு உன் அம்மா செல்வராணி வந்த சம்பந்தங்களையெல்லாம் தட்டிவிட்டாள். எஞ்சினியர், கனடா, எல்லாம். "மண்ணுக்குக் குடுத்த ஒராள் எண்டால் மட்டும் கட்டுறன்" என்று நின்றாள். என் பேர் அப்படித்தான் அங்கே போனது. அவள் என்னைக் கட்டவில்லை, இந்தக் காலைக் கட்டினாள். கலியாணம் முடிந்து வந்த முதல்நாள் கீழே இருந்து முழங்காலில் நெற்றியை வைத்து அண்ணா, அண்ணா என்று அழுதாள். அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

போனி முகாம் என்றாய். நீ குதிரைக்குப் பின்னால் போய்விடுவாய் என்று பயந்தேன். அந்தப் பயத்தை வாயால் சொல்ல முடியாததால் கை போனது. அந்த அடி என்னைத்தான் இன்னும் சுடுகிறது.

எனக்கு அறுபது வயது. இந்த ஒரு தரம் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஐந்தாம் பக்கத்தை எழுதிக் கொடு. நீ எழுதாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். அம்மா கேட்பாள். இருபத்தொன்பது வருடக் குடும்பம், பிள்ளை. உன்னைக் கெஞ்சுகிறேன்.

அப்பா


பாசல்
31 ஒக்டோபர்

அப்பாவுக்கு,

எழுதித் தரமாட்டேன். ரீச்சருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். உடம்பு சரியில்லை என்று எழுதினேன். அதுவும் பொய்தான். உங்களுக்காக நான் சொல்லும் கடைசிப் பொய்.

உங்கள் கடிதத்தை நான்கு தரம் வாசித்தேன். அம்மா முழங்காலில் நெற்றி வைத்த இடத்துக்கு வரும்போதெல்லாம் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு அறைக்குள் நடக்கிறேன். உங்களுக்காக அழுகிறேனா, அம்மாவுக்காக அழுகிறேனா என்று தெரியவில்லை. உங்கள் மீது அப்படி ஒரு கோபம். அதே நேரம், தோள் வரை இரத்தத்தோடு ஒரு குட்டியை இழுத்தெடுத்த அந்த இருபத்தாறு வயது ஆளை எனக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது. இப்படி ஒரு அப்பா இருந்ததை ஏன் எனக்குச் சொல்லவில்லை?

நீங்கள் செத்த சொல் என்றீர்களே, அது என்ன சொல்கிறது என்று கேளுங்கள். இந்தப் பக்கத்தின் மிகப் பழைய சட்டம் ஒன்றில், பன்னிரண்டு குதிரைகளைப் பொறுப்பெடுத்த மார்ஷல் கொல்லப்பட்டால் இவ்வளவு பொன் தண்டம் என்று தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு ஒன்பதுதான், மூன்று குறைகிறது, இருந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். இன்னொரு பட்டம் "கொன்ஸ்டபிள்". ஊரில் பொலிஸ்காரருக்குச் சொல்கிறோமே, அதே சொல். அதன் பழைய பொருள் லாயத்தின் அதிகாரி. அரசன் தன் உயிரைக் குதிரையின் முதுகில் வைப்பவன். ஆகவே குதிரையைப் பிடிக்கிறவன் நம்பத்தக்கவனாக இருக்க வேண்டும். அவர்கள் ஏறிப்போன ஏணி அந்த நம்பிக்கைதான். நம் சிவபெருமானும் பாண்டியனுக்கு முன்னால் குதிரைச் சேவகனாகத்தானே வந்து நின்றார்? அந்த வேடத்தைக் கோயிலில் பாடும்போது நீங்கள் கண்ணை மூடிக் கை கூப்புவீர்கள். அப்புவும் கூப்பியிருப்பார்.

ஆனால் இதை உங்களுக்கு ஆறுதலாக எழுதவில்லை. அந்தச் சொல் மேலே போகப் போக லாயத்து வாசத்தைக் கழுவிக்கொண்டே போனது. இன்றைக்கு மார்ஷல் என்றால் ஒருவருக்கும் குதிரை ஞாபகம் வருவதில்லை. நான் சம்பளம் வாங்குவது அந்த வாசத்தைத் திருப்பி அதன் மேல் பூசுவதற்கு. என் அப்பா விஷயத்தில் மட்டும் என்னைக் கழுவச் சொல்கிறீர்கள்.

புத்தகத்தின் இரண்டாவது அத்தியாயம் தயாபரன் அங்கிளுடையது. அவருக்கு இடுப்புக்குக் கீழே ஒரு பக்கம் முழுவதும் பிளாஸ்டிக். அவர் பெயரை உங்களுக்குப் பின்னால் போட்டிருக்கிறார்கள். அதை நினைத்தீர்களா?

அம்மாவிடம் நான் சொல்லமாட்டேன். நீங்கள் சொல்லுங்கள். பதினாறாம் திகதிக்கு முன்.

லக்ஷனா


ஓஸ்டர்முண்டிகன்
24 நவம்பர்

உ

பிள்ளை லக்ஷனாவுக்கு,

நீ மண்டபத்தின் பின் வரிசையில் நின்றதைக் கண்டேன். நான் கீழே இறங்கி வருவதற்குள் போய்விட்டாய். நீ அறியாததை எழுதுகிறேன்.

பதினாறாம் திகதிக்கு முன் அம்மாவிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் வாயைத் திறந்தேன். "என்ன, தேத்தண்ணியோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அத்தனை நாளும் தேத்தண்ணி குடித்ததுதான் மிச்சம். அவள் அன்றைக்குக் கட்டுவதற்குப் புதுச் சேலை எடுத்திருந்தாள்.

மேடையில் பொன்னாடையைப் போர்த்தத் தயாபரனைத்தான் கூப்பிட்டார்கள். அவன் அந்தக் காலை இழுத்து இழுத்து ஐந்து படி ஏறி என் முன்னால் வந்து நின்றான். நான் மைக்கைப் பிடித்துச் சொன்னதை நீயும் கேட்டாய். "எனக்கு ஷெல் படேல்லை. நான் இந்த நாட்டிலை குதிரைக்குச் சாணம் அள்ளினவன். குதிரை உதைச்சது." அவ்வளவுதான் வாயில் வந்தது.

அவர்கள் கை தட்டினார்கள், கண்டாயா? நான் அடக்கத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்தார்கள். முன்வரிசையில் ஒருவர் எழும்பி, "அண்ணையின்ரை தன்னடக்கம்" என்றார். முப்பத்திரண்டு வருடத்துக்குப் பிறகு உண்மையைச் சொல்கிறேன், அதற்கும் அதே கைதட்டு. "உண்மையாச் சொல்லுறன், என்னை நம்புங்கோ" என்று கத்தினேன். அப்போதுதான் ஓய்ந்தது.

தயாபரன் சால்வையைத் தன் கையிலேயே மடித்தான். படியில் இறங்கிப் போனான். அந்த ஐந்து படியையும் அவன் இறங்கி முடிக்கும்வரை மண்டபத்தில் ஒரு சத்தமுமில்லை. போன கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறக்கவில்லை. நாளைக்கும் போவேன்.

சங்கம் புத்தகத்தை நிறுத்தி வைத்திருக்கிறது. கோயிலில் இரண்டு பேர் என்னைக் கண்டதும் மற்றப் பக்கம் போனார்கள். அதெல்லாம் வர வேண்டியதுதான்.

அம்மா அன்று தனியாகப் பஸ் எடுத்து வீட்டுக்குப் போய்விட்டாள். நான் வந்தபோது சேலைகூட மாற்றாமல் இரவீந்திரனின் படத்துக்கு முன்னால் நின்றாள். அந்தப் படத்தைச் சுற்றி மாட்டியிருந்த என் பாராட்டுப் பத்திரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே அடுக்கினாள். ஆணிகளையும் பிடுங்கினாள். பிறகு உன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏழு நாள் ஒரு வார்த்தையில்லை. சமைத்து மூடி வைப்பாள், தான் எப்போது சாப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியாது. போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். ஃப்ரிபூர்க்கில் அவளின் தங்கச்சி வீடு இருக்கிறது. நேற்று முழுக்க அலுமாரி திறந்து மூடும் சத்தம் கேட்டது.

இன்று காலை குசினிக்குள் வந்து எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். என் காலைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தாள். யாரோ வீட்டுக்கு வந்த ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"அப்ப நான் இருபத்தொன்பது வரியமா ஆரோடை இருந்தனான்?" என்று கேட்டாள்.

"ஒரு குதிரைக்காரனோடை" என்றேன். அந்தச் சொல்லை அவள் முன்னால் என் வாயால் சொன்னது அதுதான் முதல் தரம். திரும்பவும் சொன்னேன்.

அவள் மேசையில் கிடந்த தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"அந்த மனுசனை எனக்குத் தெரியாது" என்றாள். "இருக்கிறதோ போறதோ எண்டு பிறகு பாப்பம். முதலிலையிருந்து சொல்லுங்கோ."

சொல்லத் தொடங்கினேன், பிள்ளை. முகாம், பனி, ஃப்ரிபூர்க் பஸ், ரப்பர் பூட்ஸ், ஒன்பது குதிரைகளின் பேர்கள். அவள் இடையில் எழும்பவில்லை. இப்போது உலையில் அரிசி போடப் போயிருக்கிறாள், அந்த இடைவெளியில்தான் இதை எழுதுகிறேன். வந்ததும் மிச்சத்தைக் கேட்பாள். குதிரை இன்னும் உதைக்கவில்லை.

அப்பா